வெள்ளைத் தரையும் கருவாயனின் நாலு காலும்

தரைக்காரர் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. டைல்ஸ் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவர் நூல் பிடித்து ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் அவரோடு ஒரு வேலையை முடிப்பதற்குள் கூட இருப்பவனுக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும். வாயைத் திறந்தால் வசவு, கையை நீட்டினால் அடி. நல்லதைக்கூடத் திட்டித்தான் சொல்வார். "எருமை, தின்னுட்டு வந்து தூக்குடா" என்றால், உனக்குப் பசிக்குமே என்று இரக்கப்படுகிறார் என்று பொருள். கூட இருந்தவர்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். வேறு வழி?

அவர் வீட்டுக் கூடத்தைப் பார்த்தவர்கள் மட்டும் வாயடைத்துப்போவார்கள். சந்துக்குள் இருக்கும் சின்ன வீடு. மழை பெய்தால் சந்து முழுக்கச் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவே வாசலைத் திறந்தால் உள்ளே கண் கூசும் வெள்ளைத் தரை. பளிங்கு ஒன்றுமில்லை, போகிற வேலையிடங்களில் எல்லாம் மிஞ்சும் டைல்ஸை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி வந்து, பால் வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை, சாம்பல் பூத்த வெள்ளை என்று தரம் பிரித்து, சுவர் ஓரத்திலிருந்து நடுவே வரும்போது நிறம் மெல்ல மெல்லத் தெளியும்படி ஒட்டியிருந்தார். அவரைப் போன்ற முரட்டு ஆளின் கையிலிருந்து அப்படி ஒரு வேலை எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வாலிப வயதில் ஒரு பெரிய வீட்டில் முட்டித் தோல் உரியக் குனிந்து கூடம் முழுக்க ஒட்டி முடித்தார். சில நாள் கழித்து, மிச்சம் இருந்த ஒரு மூலையைச் சரிசெய்யப் போனபோது அந்த வீட்டம்மா வாசலிலேயே மறித்தாள். "பின்பக்கமா சுத்தி வாப்பா. உன் காலைப் பாரு, தரை என்னத்துக்கு ஆகும்?" என்றாள். அவர் ஒட்டிய தரை. சுற்றிப் போனார், குழாயடியில் கால் கழுவினார், வேலையை முடித்தார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். புதிதாகக் கல்யாணமாகி வந்த மனைவிக்கு எதற்கு என்றே தெரியவில்லை. குழம்பில் உப்பு அதிகமோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தன் வீட்டுத் தரை வந்தபிறகு தரைக்காரருக்கு அதன் மேல் ஒரு வெறியே வந்துவிட்டது. வாசலில் செருப்பு, குழாயில் கால், சாக்கில் ஒரு துடைப்பு, அப்புறம்தான் உள்ளே. சொந்தக்காரர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். "நிம்மதி" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ஈரக்காலோடு வந்து நின்றுவிட்டார் என்பதற்காக அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். அதிலிருந்து சந்துக்காரர்கள் எல்லோரும் அந்த வாசலுக்கு வந்தால் தானாகவே குனிந்து செருப்பைக் கழற்றுவார்கள்.

இந்த வீட்டுக்குள்தான் நாய் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் மச்சான். அதாவது மனைவியின் தம்பி. முப்பதைத் தாண்டியவன், தரைக்காரரிடமே கலவை போடும் வேலை. ஆள் ஒல்லி, ஆனால் சிமெண்ட் மூட்டையைத் தலையணை மாதிரி தூக்குவான். பேச்சு குறைவு. கட்டட வாசலில் லாரி ஏறிச் செத்த நாயின் பக்கத்தில் குட்டி ஒன்று கத்திக்கொண்டு கிடந்தது, வாயைச் சுற்றி மட்டும் கரி பூசியது போல் கறுப்பு. அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்தான்.

"என் ரூம்ல வச்சுக்க முடியாதுக்கா. நீ வளர்த்துக்கோ."

அவளுக்குப் பிள்ளை இல்லை. வாங்கிய கையை அவள் திரும்ப நீட்டவில்லை. கருவாயன் என்று பெயரும் வைத்துவிட்டாள். தரைக்காரர் குட்டியைப் பார்த்தார், அதன் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"வச்சுக்கோ. ஆனா ஒரு கால் தடம், ஒண்ணே ஒண்ணு தரையில பார்த்தேன், அதைச் சாக்குல போட்டுக் கட்டி வீசிடுவேன். சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் பிழைப்பே நாயின் காலோடு ஆகிவிட்டது. வாசலில் இரண்டு சாக்கு விரித்தாள். கருவாயன் அதன்மேல் சுகமாகத் தூங்கி எழுந்து, ஒரு சுற்று சந்துக்குப் போய்வந்து, சாக்கைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடியது. பால் கவர்களைக் காலில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தாள். குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது, பிறகு நாலு கவரையும் தின்றுவிட்டது. கிழிந்த சாக்ஸ் ஒருநாள்கூடத் தங்கவில்லை. கடைசியில் ஓர் அகலத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்தாள். நாய் அதில் ஆனந்தமாக முங்கி எழுந்து, நேராகக் கூடத்தின் நடுவே போய் நின்று, தலை முதல் வால் வரை உதறியது. வெள்ளைச் சுவரில்கூடச் சேறு.

அப்போதுதான் தரைக்காரர் வேலையிலிருந்து வந்தார்.

உதைத்த உதையில் நாய் சுவரில் மோதிக் கீழே விழுந்தது. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது மனைவி குறுக்கே விழுந்தாள். அவள் கையைப் பிடித்து முறுக்கி ஒதுக்கித் தள்ளினார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. ஆஸ்பத்திரிக்கு அவரேதான் கூட்டிப்போனார். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னார். திரும்பி வரும்போது வழியில் நின்று அவளுக்கு ஆரஞ்சுப் பழமும் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"நான் சத்தம் போடும்போது எதுக்குடி குறுக்க வர்ற? இனிமே என் குரல் ஒசந்துச்சுன்னா நீ பின்னாடி ரூமை விட்டு வெளிய வரக்கூடாது. எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. அது உனக்குத்தான் நல்லது."

அவர் அதை உண்மையிலேயே அவள் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. கை கூடியபின் அவள் பின்னறையில் பை தைக்கும் வேலையைத் தொடர்ந்தாள். கூடத்தில் அவர் குரல் உயர்ந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினை வேகமாக மிதிப்பாள். அவர் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவு வேகமாக மெஷின் ஓடும்.

நாயைப் பழக்கும் பொறுப்பைத் தரைக்காரர் தன் கையில் எடுத்துக்கொண்டார். மழையில் வேலை நின்ற நாட்களில் கூடத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். மடியில் தரை மட்டம் பார்க்கும் அலுமினியப் பட்டை, கையில் பிஸ்கட். "வா, கருவாயா, வாடா" என்று கூப்பிடுவார். அது வாலை ஆட்டிக்கொண்டு வரும். சேற்றுக்கால் வாசற்படியைத் தாண்டியதும் பட்டை விரல்மேல் இறங்கும். அலறிக்கொண்டு ஓடும். மறுபடி கூப்பிடுவார். மறுபடி வரும். நாய்தானே, கூப்பிட்டால் வரத்தான் செய்யும். ஒரு நகம் பிய்ந்து தொங்கியது. சாக்கெல்லாம் ரத்தம். அவர் நிறுத்தவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் கருவாயன் கற்றுக்கொண்டது. வாசல் சாக்கில் வந்து நிற்கும். வலது முன்னங்காலைத் தூக்கிக் காட்டும். மனைவி துணியோடு வந்து துடைப்பாள். அடுத்த கால், அடுத்த கால், அதற்கடுத்த கால். நாலும் முடிந்து அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால்தான் உள்ளே அடி வைக்கும். அதுவரை வானமே இடிந்து விழுந்தாலும் நகராது. தரைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை செய்பவர்களைக் கூட்டிவந்து வாசலுக்கு வெளியே நிற்க வைத்து, ஒரு கறித்துண்டைக் கூடத்தின் நடுவே போட்டு, "வாடா" என்பார். நாய் எச்சில் ஒழுக நிற்கும். இன்னும் அழுத்தி "வா" என்றால் பின்னால் ஒரு அடி நகர்ந்து அவர் கையைப் பார்க்கும்.

"பார்த்தீங்களா? மனுசனுக்குக்கூட இந்தப் புத்தி வராது" என்பார்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. நாயின் பிய்ந்த நகத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு மாடி வீட்டில் வேலை. அங்கேயே சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டருக்கு ஒரு பெண் இருந்தாள். மச்சானுக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெயிண்டரும் ஏணிமேல் நின்றபடி மாப்பிள்ளையாகப் போகிறவனின் வேலையை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அன்று காலை ஒட்டிய டைல்ஸ் இன்னும் பிடிக்கவில்லை. திடீரென்று மழை கொட்டியது. வெளியே நனைந்துகொண்டிருந்த சிமெண்ட் மூட்டையைக் காப்பாற்ற மச்சான் ஓடிப்போய்த் தூக்கித் தோளில் போட்டான், ஓடிவந்த வேகத்தில் ஈரத் தரையில் காலை வைத்துவிட்டான். இரண்டு டைல்ஸ் இறங்கிவிட்டன. பக்கத்தில் அழகாக ஒரு சேற்றுத் தடம்.

தரைக்காரர் கையில் ரப்பர் சுத்தி இருந்தது. அதாலேயே அவன் தாடையில் ஒரு போடு போட்டார். மூட்டையோடு அவன் சரிந்தான். வாயில் ரத்தம். எழுந்தவனைக் கழுத்தைப் பிடித்து மண்டியிட வைத்தார்.

"சட்டையைக் கழட்டு. துடை. உன் காலையும் துடை."

"மாமா, மூட்டை நனையுதேன்னுதான்..."

"துடைடா! என் வீட்டு நாய்க்கு இருக்கற அறிவு உனக்கு இல்ல. அதை மாதிரி காலைத் தூக்கிக் காட்டு, பார்க்கலாம். தூக்குடா!"

மச்சான் காலைத் தூக்கினான். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை மச்சானை டீக்கடையில் பார்த்தவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "நாலு பேர் முன்னாடி நாய் மாதிரி காலைத் தூக்குறவனுக்கு என் பொண்ணைக் குடுத்தா, நாளைக்கு அவ தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

தரைக்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அடித்த கைக்கு அடி மறந்துபோகும், அவ்வளவுதான். அன்று மழையால் வேலை இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தலையணை போட்டுச் சாய்ந்திருந்தார். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாய் சந்தில் எங்கோ சுற்றப் போயிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது.

மச்சான். முழங்கால் வரை சேறு.

"கால் துடைச்சியாடா?"

"துடைக்கல மாமா."

சாக்கைத் தாண்டி உள்ளே வந்தான். ஒவ்வொரு அடியாக, நன்றாக அழுத்தி, கூடத்தின் நடுவே வந்து நின்றான். நின்ற இடத்தில் குதிகாலை வைத்துத் திருகினான். வெள்ளை டைல்ஸில் சேறு அரைபட்டது.

தரைக்காரருக்குக் கண் இருண்டது. பாய்ந்து எழுந்து அறைந்தார். மச்சான் அசையவில்லை. இன்னொரு அறை. உதட்டில் ஆறாத காயம் மறுபடி கிழிந்தது. மூன்றாவதுக்கு ஓங்கிய கையை அவன் பிடித்துக்கொண்டான். கலவை குழைத்துக் குழைத்து இரும்பாகிப்போன கை. பிடியிலிருந்து தரைக்காரரால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

"எத்தனை வருஷம் மாமா? எங்கக்கா கையை ஒடிச்சீங்க. பேசாம இருந்தேன். வாயில்லாத ஜீவன் நகத்தைப் பிச்சீங்க. பேசாம இருந்தேன். என் பொழப்பையே நாசமாக்கிட்டீங்க!"

"விடுடா, நாயே! விடு!"

அந்தச் சத்தம் கேட்டதும் பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது. மெஷின் வேகம் பிடித்தது.

இருவரும் கட்டிப் புரண்டார்கள். தரைக்காரர் அவன் கண்ணில் விரலைக் குத்தினார். அவன் அவர் தலையைப் பிடித்துத் தரையில் மோதினான், ஒருமுறை, மறுமுறை. சுவரோரம் உடைந்தால் மாற்றுவதற்கென்று அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் சரிந்து நொறுங்கியது. தரைக்காரரின் கைக்குள் அவன் தொண்டை சிக்கியது. அவர் நெரித்தார். விட்டுவிடலாம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. மூச்சுக்குத் தவித்த மச்சானின் கை தரையைத் துழாவியது, உடைந்த துண்டு ஒன்று அகப்பட்டது, அதைத் தரைக்காரரின் தொடையில், உள்பக்கமாக, ஆழ இறக்கி இழுத்தான்.

பிடி தளர்ந்தது. ரத்தம் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. அவன் தன் கையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "மாமா" என்றான். பிறகு எழுந்து ஓடிவிட்டான்.

தரைக்காரர் எழப் பார்த்தார். கால் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொடையில் அமுக்கினார். துண்டு உடனே நனைந்து கனத்தது. அடிபட்டவர், அடித்தவர், எத்தனையோ ரத்தம் பார்த்தவர். இது நிற்கிற ரத்தம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யாராவது வந்து இறுக்கிக் கட்டவேண்டும், உடனே.

"ஏய்!" என்று கத்தினார்.

மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

"இந்தாடி! இங்க வாடி! ஏய்!"

ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. அந்த வீட்டில் அவர் சத்தத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது, அதைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கத்தக் கத்த அவள் வரமாட்டாள். மெதுவாகக் கூப்பிட்டால் கேட்காது. அவருக்கு அது புரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பயந்தார்.

அப்போது கருவாயன் சந்திலிருந்து ஓடிவந்தது. உடம்பெல்லாம் சேறு. சாக்கில் வந்து சடாரென்று நின்றது. ரத்த வாடை அடித்திருக்கவேண்டும், முனகியது. வலது முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது.

"கருவாயா... வாடா. வா."

காலைக் கீழே இறக்கியது. பின்னால் ஒரு அடி நகர்ந்தது. அவர் கையைப் பார்த்தது.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை பார், பட்டை இல்லை பார். நாய்க்கு என்ன தெரியும்? உள்ளே ஓடிப்போய் அவளை இழுத்துவா என்று அதனிடம் எந்த மொழியில் சொல்வது? அது வாசலிலேயே நின்று, மறுபடி காலைத் தூக்கிக்கொண்டு, ஊளையிட ஆரம்பித்தது. நீளமாக, விடாமல்.

மெஷின் நின்றது.

அவள் கூடத்துக்கு வரவில்லை. எப்படி வருவாள்? பின்வாசல் வழியாக இறங்கி, சேற்றில் வீட்டைச் சுற்றிக்கொண்டு, கையில் துணியோடு முன்வாசலுக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே சாக்கருகில் உட்கார்ந்து நாயின் காலைப் பிடித்தாள்.

"கத்தாதடா. அவர் கோவமா இருக்காரு. தம்பியை அடிச்சிருக்காரு போல. சும்மா இரு" என்று கிசுகிசுத்தாள். முதல் காலைத் துடைத்தாள். இரண்டாவது காலை எடுத்தாள்.

அவள் துடைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் துணியை விட்டு, பிய்ந்த நகத்துக்கு வலிக்காமல், அவ்வளவு பொறுமையாகத் துடைத்தாள்.

"இங்க பாரும்மா" என்றார்.

சத்தம் போட அவரிடம் தெம்பு இல்லை. அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. அதனால்தான் நிமிர்ந்தாள். பார்த்தாள். "ஐயோ!" என்று அலறி எழுந்து ஓடிவரக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் வாசற்படிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

கால் முழுக்கச் சேறு.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது அவருக்காகப் பட்ட பயம் இல்லை, அவரிடம் பட்ட பயம். இத்தனை ரத்தத்துக்கு நடுவிலும் அதுதான் இருந்தது.

"அப்படியே வா. பரவால்ல. அப்படியே வா" என்றார்.

அவள் நம்பவில்லை. குனிந்து துணியை எடுத்துத் தன் காலைத் துடைக்க ஆரம்பித்தாள். துணி நழுவி விழுந்தது, எடுத்தாள், மறுபடி துடைத்தாள். "இதோ வந்துட்டேங்க. துடைச்சிட்டேங்க. இதோ இன்னொரு கால்தான். அடிக்காதீங்க. இதோ வந்துட்டேங்க" என்று அழுதுகொண்டே குதிகாலைத் துடைத்தாள், விரலிடுக்கைத் துடைத்தாள்.

அடிக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லவேண்டும் போல அவருக்கு இருந்தது. தொடையின் வலி போய்விட்டிருந்தது, வெட்கம்தான் மிச்சம் இருந்தது. இவ்வளவையும் செய்து வைத்துவிட்டோமே என்று நினைத்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவள் ஓடிவந்தாள். அந்தத் துணியாலேயே தொடையை இறுக்கிக் கட்டினாள், முடிச்சை முழங்காலால் அழுத்தினாள், அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "ஏங்க, ஏங்க" என்று கன்னத்தைத் தட்டினாள். அவர் கண் திறந்தபடியே இருந்தது. எதையும் பார்க்கவில்லை.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். வாசலுக்கு வந்ததும் மூன்று பேரும் நின்றார்கள். குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"செருப்போட வாங்கய்யா!" என்று அவள் கத்தினாள். "சேத்தோட வாங்க! மிதிச்சுக்கிட்டு உள்ள வாங்க!"

அந்தக் கூடத்தில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. தரைக்காரர் அதைக் கேட்கவில்லை.